எங்கள் தெருவுக்கு ஒரு கால் சைன் வேண்டும்

போன மாதம் ஒரு கலந்தாய்வுக் கூட்டம் முடிந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது மூத்த தோழர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, ஒங்க நைட் ஸ்கூல்ல பசங்கள ரேடியோ கட்ட வச்சிருக்கீங்களாமே? வெளிய வன்கொடுமை வழக்கு குவிஞ்சு கெடக்கு. நீங்க ஈயம் வச்சுக்கிட்டு இருக்கீங்க. இதெல்லாம் வசதியானவங்க பொழுதுபோக்கு இல்லையா?"

அவர் கேட்டதில் கிண்டல் இல்லை, கவலைதான் இருந்தது. ஆனால் டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் என்னிடம் இல்லை. அதனால் எழுதுகிறேன். அவருக்கு மட்டுமல்ல, இதைப் படிக்கிற கல்லூரித் தம்பி தங்கைகளுக்கும் சேர்த்துத்தான்.

முதலில், இது என்ன என்று தெரியாதவர்களுக்கு. அமெச்சூர் ரேடியோ, பேச்சு வழக்கில் ஹாம் ரேடியோ, என்பது எஃப்.எம். நிலையம் அல்ல. இதில் பாட்டுப் போட முடியாது, விளம்பரம் செய்ய முடியாது. நம் இயக்கத்தின் பிரச்சாரத்துக்கும் இதைப் பயன்படுத்த முடியாது. அந்த ஆசையில் வருபவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம். ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை வைக்கும் தேர்வை எழுதி, உரிமம் வாங்கி, தனக்கென ஒரு கால் சைன் பெற்று, அதேபோல உரிமம் பெற்ற இன்னொருவரோடு நேரடியாகப் பேசுவதுதான் ஹாம் ரேடியோ. அந்த இன்னொருவர் பக்கத்து மாவட்டத்திலும் இருக்கலாம், வேறு நாட்டிலும் இருக்கலாம். நடுவில் டவர் கிடையாது, சிம் கிடையாது, ரீசார்ஜ் கிடையாது. 12 வயது நிரம்பியிருந்தால் தேர்வு எழுதலாம். ரெஸ்ட்ரிக்டட் நிலைக்கு மோர்ஸ் தேவையில்லை. ஜெனரல் நிலைக்கு நிமிடத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் அனுப்பவும் வாங்கவும் தெரிய வேண்டும். கால் சைனை வைத்தே நிலையைச் சொல்லிவிடலாம். ஜெனரல் என்றால் வி.யு.2 என்று தொடங்கும், ரெஸ்ட்ரிக்டட் என்றால் வி.யு.3.

எங்கள் மையத்தில் கட்டியது 'பிக்ஸி' என்ற மிகச் சிறிய கிட். சில நூறு ரூபாய்க்கு இணையத்தில் கிடைக்கிறது. ஒரு சின்ன போர்டு, ஒரு பிளாஸ்டிக் பையில் கொஞ்சம் ரெசிஸ்டர், கெபாசிட்டர், இரண்டு டிரான்சிஸ்டர், காதில் கேட்பதற்கு ஒரு எல்.எம்.386 ஐ.சி., 7.023 மெகா ஹெர்ட்ஸில் அதிரும் ஒரு கிரிஸ்டல். அவ்வளவுதான். இதில் குரல் போகாது, மோர்ஸ் மட்டும்தான். வெளியே விடும் சக்தி ஒரு வாட்டுக்கும் கீழே, கீச்செயினில் தொங்கும் டார்ச் அளவு.

கட்டியவர்கள் நான்கு பேர். பாலிடெக்னிக் படிக்கும் இரண்டு தம்பிகள், பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, ஐ.டி.ஐ. முடித்துவிட்டு டவுனில் செல்போன் ரிப்பேர் கடையில் வேலை பார்க்கும் பையன் ஒருவன். முதல் நாள் பாலிடெக்னிக் தம்பிகள்தான் சர்க்யூட் படத்தை விரித்து வைத்துப் பேசினார்கள். கடைப் பையன் ஓரமாக உட்கார்ந்திருந்தான். அவனைக் கேட்டால் "நமக்குப் படிப்பு ஏறலக்கா, நான் வெறும் ரிப்பேருதான்" என்பான். கட்டி முடித்து பேட்டரியைக் கொடுத்தால் சத்தமே வரவில்லை. இரண்டு நாள் படத்தையே பார்த்தார்கள். மூன்றாம் நாள் கடைப் பையன் மல்டிமீட்டரை எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டு, "இது காயிலு, ரெசிஸ்டர் எடத்துல ஒக்காந்திருக்கு" என்றான். அந்த கிட்டில் இண்டக்டர்களும் ரெசிஸ்டர் மாதிரியே வண்ணக் கோடு போட்டு வரும். உடம்பு கொஞ்சம் தடித்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். மீட்டரில் வைத்தால் ரெசிஸ்டர் தன் மதிப்பைக் காட்டும், காயில் கிட்டத்தட்ட சைபர் காட்டும். இரண்டையும் எடுத்து இடம் மாற்றி, ஒரு டிரை சால்டரையும் சரி செய்தான். ஹெட்போனில் இரைச்சல் வந்தது. அன்றைக்குப் பிறகு சர்க்யூட் படம் அவன் கைக்குப் போய்விட்டது.

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் தெரியாது, நான் படித்தது சமூகவியல். என் கண்ணில் பட்டது வேறு. கையால் வேலை செய்பவனுக்கு அறிவு இல்லை என்பதைச் சாதி நமக்கு வெளியே இருந்து மட்டும் சொல்லவில்லை. நமக்குள்ளேயும் நட்டு வைத்திருக்கிறது. படித்து மேலே வந்த நாமே கை அழுக்காவதைக் கேவலமாகப் பார்க்கிறோம். நம் தெருவில் மோட்டார் வைண்டிங் கட்டுகிறவர், கேபிள் இழுக்கிறவர், மைக் செட் போடுகிறவர் எல்லாரும் இருக்கிறார்கள். அவர்களை நாம் எந்தப் படிப்பு வட்டத்துக்கும் அழைத்ததில்லை. அந்த மூத்த தோழரின் கேள்வியிலும் இதன் ஒரு துளி இருந்தது என்று நினைக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இந்தக் கிட்டில் ஒரு விஷயம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே டிரான்சிஸ்டர்தான் அனுப்பும்போது சக்தியைக் கூட்டுகிறது, கேட்கும்போது வரும் அலையைக் காதுக்கு ஏற்றபடி மாற்றுகிறது. கடையில் வாங்கும் ரேடியோ கேட்க மட்டும்தான் விடும். எங்கள் தெருவில் ரேடியோ இல்லாத வீடு இருந்ததில்லை, டிவி இல்லாத வீடும் இல்லை. கேட்பதில் நமக்குக் குறைவே இல்லை.

சொல்வதில் என்ன நிலைமை? இங்கே என் தாத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தாத்தா சாவுச் செய்தி சொல்லப் போகிறவர். கீழத்தஞ்சைப் பக்கம் ஊர்த்தெருவில் யார் செத்தாலும் உறவுக்காரர்கள் இருக்கும் ஊர்களுக்கெல்லாம் நடந்து போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும். போன இடத்தில் வாசற்படி ஏறக் கூடாது. தெருவில் நின்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சொல்ல வேண்டும். கொஞ்சம் நெல் கிடைக்கும், சில வீட்டில் பழைய வேட்டி. பாட்டியின் தங்கை பிரசவத்தில் இறந்த அன்று தாத்தா ஒரு பண்ணையார் வீட்டுச் சாவைச் சொல்ல வயல் வரப்பில் நடந்துகொண்டிருந்தார். தன் வீட்டுச் சாவு அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. அதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. பாட்டி சாகும்வரை இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். "ஊரு சேதியெல்லாம் இவரு சொன்னாரு, நம்ம சேதிய இவருக்குச் சொல்ல ஆளில்ல."

தண்டோராவும் இதுதான். பஞ்சாயத்துக் கூட்டம், வரி, வெள்ள எச்சரிக்கை என்று தெருத் தெருவாக அறிவித்தவர்கள் யார், அந்த வேலை யார் தலையில் கட்டப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியும். 2022 ஆகஸ்டில்தான் அதைத் தடை செய்யச் சொல்லித் தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதினார். விடுதலை பெற்று 75 வருடம் கழித்து! ஆக, செய்தியைக் கொண்டுபோவது நமக்குப் புதிதில்லை. நாம் கொண்டுபோனதில் ஒன்றுகூட நம் செய்தி இல்லை என்பதுதான் பிரச்சினை.

அமெச்சூர் விதிகளைப் படித்தபோது ஒரு இடத்தில் நான் நின்றுவிட்டேன். இந்த அலைவரிசையில் காசுக்காகச் செய்தி அனுப்பக் கூடாது. பண ஆதாயம் இல்லாமல், தன் சொந்த ஆர்வத்தால் இயக்குகிறவருக்கு மட்டும்தான் அமெச்சூர் என்ற பெயர். எனக்குக் கூலி கொடுத்து உன் சேதியைச் சுமக்க வை என்று சட்டப்படி யாரும் சொல்ல முடியாத ஒரு இடம். விதி எழுதியவர்கள் என் தாத்தாவை நினைத்து எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் நான் அவரை நினைத்துத்தான் படித்தேன்.

நம் முன்னோர்கள் சொல்லும் கருவியைக் கையில் எடுக்காமல் இருந்ததில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழ'னைக் கொண்டுவந்தார். பாபாசாகேப் 1920-இல் 'மூக்நாயக்' தொடங்கினார். அச்சு வந்த கொஞ்ச காலத்திலேயே அதை நாம் பிடித்துக்கொண்டோம். வானொலியில் அது நடக்கவில்லை. சென்னையில் முதல் ஒலிபரப்பே ஒரு அமெச்சூர் கிளப் செய்ததுதான். 1924-இல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று தொடங்கிய மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் அந்த வருடம் ஜூலை 31 அன்று ஒலிபரப்பைத் தொடங்கியது. பணமில்லாமல் 1927-இல் மூடிவிட்டார்கள். டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சியின் கைக்குப் போய் 1930-இல் மறுபடியும் பேசியது. பத்திரிகைக்கு ஒரு அச்சு எந்திரமும் துணிச்சலும் போதும். அலைக்கு உரிமம் வேண்டும், உரிமத்தை அரசு தர வேண்டும்.

காற்றலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1995-இல். தெலங்கானாவில் ஜகீராபாத் பக்கம் டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டியின் சங்கங்களில் இருக்கும் தலித் பெண்கள் தங்களுக்கு ஒரு வானொலி வேண்டும் என்று கேட்டார்கள். காற்றலை பொதுச்சொத்து என்று தீர்ப்பு இருந்தும் சமூக வானொலிக் கொள்கை கல்வி நிறுவனங்களைத் தாண்டி அமைப்புகளுக்கும் திறக்க 2006 ஆனது. அவர்களின் 'சங்கம் ரேடியோ' 2008 அக்டோபர் 15 அன்றுதான் வானில் ஏறியது. விவசாயக் கூலிப் பெண்கள் மைக்கையும் மிக்ஸரையும் இயக்கும் நிலையம் அது. அது வேறு உரிமம், வேறு வகை வானொலி, அமெச்சூர் அல்ல. ஆனால் அவர்கள் காத்திருந்ததை நினைத்தால், ஒரு தனி மனிதர் தேர்வு எழுதி வாங்கக்கூடிய அமெச்சூர் உரிமத்தை நாம் ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று தோன்றுகிறது.

செலவு காரணமா? கட்டி முடித்த ஜப்பான் ரேடியோ வாங்கினால் லட்சத்தைத் தொடும், உண்மை. அதனால்தான் கிட் முக்கியம். ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷர் ஃபர்ஹான் 'பிட்எக்ஸ்' என்ற டிரான்சீவரை வடிவமைத்தபோது இந்தியாவில் சுலபமாகக் கிடைக்காத டொராய்டுக்குப் பதிலாகக் குழாய்க்குப் போடும் வாஷரின் மேல் காயில் சுற்றச் சொன்னார். சாதாரண டிரான்சிஸ்டர்கள், கடைசியில் சக்தி கொடுக்க ஐ.ஆர்.எஃப்.510. இதில் குரலிலேயே பேசலாம். அதை உலகம் முழுக்கக் கட்டினார்கள். எங்கள் பத்தாம் வகுப்புப் பெண் வாஷர் கதையைக் கேட்டதும் அடுத்து அதைத்தான் கட்ட வேண்டும் என்று நிற்கிறாள்.

எங்களுக்கு உண்மையில் கஷ்டம் வந்தது பெட்டியில் அல்ல, அதற்கு மேல் கட்ட வேண்டிய கம்பியில்.

40 மீட்டர் அலைக்கு ஒரு சாதாரண டைபோல் ஆன்டெனா என்றால் பக்கத்துக்கு 33 அடி, மொத்தம் 66 அடி கம்பி. நடுவில் கேபிள். இரண்டு முனையும் உயரத்தில் இருக்க வேண்டும். பாடப் புத்தகத்தில் இரண்டு மரத்துக்கு நடுவில் அழகாகப் படம் போட்டிருக்கிறார்கள். எங்கள் தெருவில் வீடுகள் ஒன்றோடு ஒன்று ஒட்டி நிற்கின்றன. மூன்று சென்ட் பட்டா, தொகுப்பு வீடு. 66 அடி நேராக எங்கே போவது? மரம் என்று சொன்னால் தெருமுனையில் இருக்கும் தென்னந்தோப்புதான், அது ஊர்க்காரருடையது. போய்க் கேட்டோம். "ஒயரு எந்தோப்பு மேல போகக் கூடாது. இன்னிக்கு ஒயரு வரும், நாளைக்குப் பாதை கேப்பீங்க" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார், நாற்காலிகூடப் போட்டார். எம்.ஏ. படிக்கும்போது 'வெளி'யும் சாதியும் என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். தலைக்கு மேல் இருபது அடியில் போகிற ஒரு கம்பிக்கும் அது பொருந்தும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கடைசியில் மையத்தின் மொட்டை மாடியில் இரண்டு மூங்கிலைச் சேர்த்துக் கட்டி, நடுவை மேலே தூக்கி, இரு பக்கமும் கூரை போலச் சரித்து விட்டு, முனைகளைச் சுவரோடு மடக்கிவிடுவது என்று முடிவு செய்திருக்கிறோம். கொஞ்சம் திறன் குறையும், ஆனால் வேலை செய்யும். மின்கம்பி போகும் பக்கம் மட்டும் போகக் கூடாது. இதில் விளையாட்டே கிடையாது.

அடுத்த கஷ்டம் காகிதம். பாலிடெக்னிக் தம்பிகளில் ஒருவன் மேல் ஏப்ரல் 14 ஊர்வலத்துக்காகப் போட்ட வழக்கு ஒன்று இன்னும் நிற்கிறது. உரிமம் என்றால் போலீஸ் விசாரிக்குமோ என்று அவன் விண்ணப்பத்தையே தொடவில்லை. வக்கீல் தோழர் ஒருவர் உட்கார்ந்து பேசிய பிறகுதான் எடுத்தான். இந்த இடத்தில் தம்பிகளுக்கு அழுத்திச் சொல்கிறேன். கிட் கைக்கு வந்ததும் ஆன்டெனாவை மாட்டித் தட்டிப் பார்க்கும் ஆசை வரும். செய்யாதீர்கள். உரிமம் இல்லாத டிரான்ஸ்மிட்டர் யார் கையில் இருந்தாலும் குற்றம். நம் பிள்ளை கையில் இருந்தால் அதற்கு வேறு பெயரும் வைப்பார்கள். எங்கள் பிக்ஸியைச் சோதித்தது உரிமம் உள்ள ஒரு பெரியவர். அதுவும் முதலில் ஆன்டெனா இல்லாமல், இரண்டு 100 ஓம் ரெசிஸ்டர்களை இணையாகக் கட்டிய 50 ஓம் டம்மி லோடில். கூடவே லோ பாஸ் ஃபில்டர் ஒழுங்காக இருக்கிறதா என்றும் பார்த்தார். அது சரியில்லை என்றால் 7-இல் பேசுவது 14-இலும் கேட்கும். அடுத்தவர் இடத்தில் போய் நாம் கத்துவது மாதிரி.

அந்தப் பெரியவர் ராணுவத்தில் சிக்னல்ஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், நம்மவர். பல வருடமாக வி.யு.2. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு மாடியில் எங்கள் பெட்டியை அவருடைய கம்பியில் மாட்டி அவரே கீயைத் தட்டினார். நாங்கள் ஐந்து பேரும் ஒரு ஸ்பீக்கரைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். முக்கால் மணி நேரம் யாரும் பதில் சொல்லவில்லை. பிறகு கேரளத்தில் இருந்து ஒருவர், மிகவும் மெலிசாகக் கேட்கிறது என்று சொல்லிவிட்டு, எங்களுடைய கால் சைனைத் திருப்பி அனுப்பினார். கடைப் பையன் எழுந்து கீழே போய்விட்டான். அழுதானா என்று நான் கேட்கவில்லை.

பெரியவர் ஒரு கதை சொன்னார். வானில் கால் சைன் மட்டும்தான், சாதிப் பெயர் கிடையாது, அதுதான் அழகு என்று அவரும் ஆரம்பத்தில் நினைத்தாராம். ஆனால் பேசியதற்குச் சாட்சியாகத் தபாலில் அட்டை அனுப்பும் வழக்கம் உண்டு. அதில் முகவரி எழுத வேண்டும். அவருடைய பழைய முகவரியில் 'காலனி' என்று இருக்கும். ஒரு நாள் வேறொரு ஹாம் உற்சாகமாக, "எந்த காலனி சார், பேங்க் காலனியா, ஹவுசிங் போர்டா?" என்று கேட்டிருக்கிறார். இவர் "இல்ல சார், ஊரு காலனி" என்றாராம். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். 2025 ஏப்ரலில் அரசு ஆவணங்களில் இருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது எனக்கு அந்த இரைச்சல்தான் ஞாபகம் வந்தது. அதனால் ரேடியோ சாதியை ஒழித்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் மனிதர்கள் பேசும் இடம்தான்.

பிறகு எதற்கு? 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் போஸ்ட் மரமெல்லாம் படுத்துவிட்டது, போன் செத்துவிட்டது, வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. தார்பாயும் அரிசியும் எந்தத் தெருவுக்கு முதலில் வந்தது, எங்கே லாரி நின்றுவிட்டது என்பதை நான் பார்த்தேன். கண்ட்ரோல் ரூமுக்குப் போன தகவல் எல்லாம் தலைவர் வழியாகவோ அதிகாரி வழியாகவோ போனது. எங்கள் தெருவின் நிலைமையை எங்கள் தெருவில் இருந்தே சொல்ல ஒருவரும் இல்லை. 2004 டிசம்பரில் அந்தமானில் பாரதி பிரசாத் தலைமையில் ஒரு ஹாம் குழு வேறு காரணத்துக்காகப் போர்ட் பிளேரில் முகாமிட்டிருந்தது. சுனாமி வந்தபோது அவர்களுடைய கருவிதான் தீவுகளில் இருந்து நிலத்துக்குச் சேதி சொன்னது. பேரிடர் நேரத்தில் மற்றவர்களுக்காகச் செய்தி அனுப்ப அமெச்சூர்களுக்கு இடம் உண்டு. 12 வோல்ட் பேட்டரி போதும். அடுத்த புயலுக்கு இந்தக் கரையில் சேரிக்குள் ஒரு நிலையம் இருந்தால், படகு எங்கே வரவில்லை என்பதை அந்தத் தெருக்காரரே சொல்வார். அதைக் கேட்டு அதிகாரி வருவாரா என்பது தனிப் போராட்டம். ஆனால் தகவல் வரவில்லை என்று அவர் சொல்ல முடியாது.

இதையும் விட்டுவிடுங்கள். புயலே வராவிட்டாலும் இது வேண்டும் என்றுதான் சொல்வேன். நம் பிள்ளை ஒன்றைக் கற்றுக்கொண்டால் அதற்கு வேலை கிடைக்குமா, இயக்கத்துக்கு உதவுமா என்று உடனே கணக்குக் கேட்கிறோம். மற்ற வீட்டுப் பிள்ளை டெலஸ்கோப் வாங்கினால், கிதார் கற்றால் யாரும் கேட்பதில்லை. மோர்ஸ் கற்பது சும்மா சந்தோஷமாக இருக்கிறது என்று அந்தப் பெண் சொன்னாள். எனக்கு அது போதும். தோழருக்கும் போதும் என்று நம்புகிறேன்.

நடைமுறையில் ஒன்றே ஒன்று. தனித்தனியாக வாங்க வேண்டாம். கிளப்புகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரிமம் தர விதியில் இடம் இருக்கிறது. உரிமம் உள்ள ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். படிப்பு மையம், மாணவர் விடுதி, நூலகம் என்று நம் கையில் இருக்கும் இடங்களில் ஒரு மேசை, ஒரு மல்டிமீட்டர், 25 வாட் சால்டரிங் அயர்ன், ஒரு கிட் வையுங்கள். விண்ணப்பம் இப்போது இணையத்தில்தான். விடுதி மொட்டை மாடியில் 66 அடி நிச்சயம் இருக்கும்.

எங்களுக்குத் தேர்வு இன்னும் ஆறு வாரத்தில். மூன்று பேர் ரெஸ்ட்ரிக்டட் எழுதுகிறார்கள், பத்தாம் வகுப்புப் பெண் மட்டும் ஜெனரல்தான் எழுதுவேன் என்கிறாள். பெரியவர் கொடுத்த கீயில் நிமிடத்துக்கு 5 வார்த்தை வந்திருக்கிறது, 8 வேண்டும். மூங்கில் இன்னும் மாடி ஏறவில்லை. சனிக்கிழமை ஆள் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்கள்.